பார்த்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு

ஜனவரி 8

வாலு,

நாத்தனாருக்கு அண்ணி எழுதும் முதல் கடிதமே புகார்க் கடிதமா என்று கேட்பாய். கேள். போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுகிறாய், நானும் சேர்ந்து சிரித்துத் தொலைக்கிறேன். போனை வைத்த பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை என்று உறைக்கிறது. அதனால் எழுத்தில், என் போனிலிருந்து மெயிலாக.

புது பிரெய்ல் அச்சு மெஷின் வந்துவிட்டது. வாசல் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. தூக்கியது நான்கு ஆட்கள். பக்கத்தில் நின்று "மெதுவா, மெதுவா" என்று சொன்ன உன் அண்ணனுக்குத்தான் மூச்சு வாங்கியது. முன்னறையில் பழைய மெஷின் இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறோம். பார்க்க ராணி மாதிரி இருக்கிறது. ஆனால் இதுவரை ஒரு புள்ளிகூடக் குத்தவில்லை.

நீ கட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர்தான் விடமாட்டேன் என்கிறது. ஊரில் எல்லாரும் சமைத்து வைத்ததை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். உன்னுடையது அப்படி இல்லையே. மூல நிரலைக் கொண்டுவந்து, இங்கேயே என் மேஜைக்கு அடியில் வைத்து, மணிக்கணக்காகக் கம்பைல் பண்ணி ஓடும் நிரலாக மாற்றினால்தான் எதையும் ஏற்றுக்கொள்ளும். "நமக்கு வேணுங்கறதை நம்ம அளவுக்குத் தைச்சுக்கலாம் அண்ணி" என்று அன்றைக்குச் சொன்னாய். தைத்தவள் ஊசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

விஷயம் இதுதான். எழுத்தைப் புள்ளியாக மாற்றும் லைப்ரரி ஒன்று இருக்கிறது அல்லவா, புது மெஷினை இயக்கும் டிரைவர் நிரல் அதில் புதுப் பதிப்புதான் வேண்டும் என்கிறது. பின்னம் மாதிரிக் கணக்கு அடையாளங்களைப் புள்ளியாக்க நீ எழுதிய கணக்கு நிரல், பழைய பதிப்போடு மட்டும்தான் குடித்தனம் நடத்துவேன் என்கிறது. புத்தகம் கட்டும் நிரலோ, கணக்கு நிரல் இல்லாவிட்டால் நான் கம்பைலே ஆகமாட்டேன் என்கிறது. திரை முழுக்கச் சிவப்பில் பிழைச் செய்தி. மூன்று பேரும் ஒருத்தர் முந்தானையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நடுவில் நான்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் காத்திருக்கிறது. கண் தெரியாத நம் பட்டாணி ஒருத்திக்காக ஆரம்பித்த அச்சகம், இன்றைக்கு அவள் பள்ளிக்கூடமே நம்மை நம்பியிருக்கிறது. இந்த வருஷம் அவள் வகுப்புக்குத்தான் இந்தப் புத்தகம். மேல் வகுப்பில் கணக்குப் பிரிவில் சேர மார்ச்சில் தேர்வு வைக்கிறார்கள். கணக்குப் பிரிவு கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வீட்டில் சபதம் போட்டிருக்கிறாள். பிடிவாதம் அத்தையைக் கொண்டு பிறந்திருக்கிறது.

ஒரே ஆறுதல், காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் வந்திருக்கும் உன் வரி. "காலை வணக்கம் அண்ணி, காலை வணக்கம் பட்டாணி. பார்த்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு." பல் தேய்ப்பதற்கு முன்னால் ஓடிப்போய் அதைத்தான் கேட்கிறாள் உன் மருமகள். கம்ப்யூட்டர் தன் தகரக் குரலில்தான் வாசிக்கிறது, ஆனாலும் அவளுக்கு அது நீ பேசுவதுதான். எத்தனை வேலை இருந்தாலும் கடல் தாண்டி அங்கிருந்து தினமும் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே வந்து பார்க்கிறாய். நல்லா இரு.

சீக்கிரம் பதில் போடு.

அண்ணி


ஜனவரி 15

அண்ணி,

ராணி வந்தாச்சா! கதவைக் கழற்றிய காட்சியைப் பார்க்க முடியாமல் போய்விட்டது. அண்ணன் மேற்பார்வை பார்த்தும் மெஷின் முழுசாக வந்து சேர்ந்தது பெரிய விஷயம்தான்.

நீங்கள் சொல்வது இந்தத் தொழிலில் தினசரிச் சண்டை. ஒரே உறையில் இரண்டு கத்தி. லைப்ரரியின் இரண்டு பதிப்பும் ஒரே பெயரில் ஒரே இடத்தில் உட்காரும், ஒன்று வந்தால் இன்னொன்று எழுந்துபோக வேண்டும். புதுசைப் போட்டால் கணக்கு நிரல் வெளியே. பழசை வைத்துக்கொண்டால் ராணி பட்டினி.

நேர்மையான வழி ஒன்றுதான். கணக்கு நிரலைப் புதுப் பதிப்புக்கு ஏற்றமாதிரி நான் திருத்தி எழுத வேண்டும். எழுதியவள் நான்தான், மூன்று வாரத்தில் முடித்துவிடுவேன். அதுவரை நீங்கள் எதையும் பலவந்தமாக ஏற்றாதீர்கள், அண்ணி. சிவப்பு வந்தால் வரட்டும். சிவப்பு காட்டும் சிஸ்டம் நல்ல சிஸ்டம்.

இங்கே குளிர். அறையில் ஹீட்டர் பாதி நாள் வேலை செய்வதில்லை. அதை விடுங்கள்.

காலை வரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. அதற்கெல்லாம் நல்லா இரு, கில்லா இரு என்று சொல்லாதீர்கள், எனக்கு என்னவோ மாதிரி இருக்கிறது.

பட்டாணிக்கு ஒரு குட்டு.

வாலு


பிப்ரவரி 10

வாலு,

மூன்று வாரம் என்றாய். அதுவும் போய்விட்டது. கல்லில் நார் உரிக்கிற மாதிரி உன்னிடம் பதில் வாங்க வேண்டியிருக்கிறது.

கணக்கு டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷி, சத்தம் போடத் தெரியாது, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மூடிக் கிடந்த ராணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "பசங்க இன்னும் போன வருஷத்துப் புத்தகத்தை வச்சு ஓட்டிக்கிட்டிருக்காங்க, பாடமே மாறிப்போச்சு" என்றார். நான் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

வேறு யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று உன் அண்ணனிடம் கேட்டேன். "எதுக்கு? வாலு பாத்துக்குவா, விடு" என்றார். பட்டாணியும் அதையேதான் சொல்கிறாள். "அத்தைதான் தினமும் பாக்கறாங்கல்ல, நீ ஏம்மா பதர்றே?" என்கிறாள். இந்த வீட்டில் உனக்கு இருக்கும் செல்வாக்கு எனக்கு இல்லை. நான் தினமும் சமைக்கிறேன், நீ தினமும் ஒரு வரி அனுப்புகிறாய், ஜெயித்தது நீ.

முடியுமா, முடியாதா? முடியாது என்றால் அதையாவது சொல்லு. முடியாது என்ற பதிலை வைத்துக்கொண்டு நான் வேறு வழி பார்ப்பேன். போனில் நீ சொல்லும் இந்த "ஆகிக்கிட்டே இருக்கு" என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அண்ணி


பிப்ரவரி 14

அண்ணி,

முடிந்தது. நேற்று உள்ளே வந்து தீர்த்துவிட்டேன். டிரைவர், புது லைப்ரரி, புத்தகம் கட்டும் நிரல் எல்லாம் கம்பைல் ஆகிவிட்டன. சிவப்பு ஒன்றுகூட இல்லை. தாராளமாக அச்சடியுங்கள்.

டீச்சருக்கு என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

வாலு


மார்ச் 20

வாலு,

இதை மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன். நான்காவது இது. கோபம் இதிலும் குறையவில்லை.

நீ முடிந்தது என்று எழுதிய மறுநாள் மாதிரிப் பக்கங்கள் எடுத்தோம். வழக்கம் போல பட்டாணிதான் தடவிப் பிழை பார்த்தாள். "சரியா இருக்காடி?" என்று கேட்டேன். அன்றைக்கு "இரும்மா" என்றாள். மறுநாள் காலையில், "சரிதாம்மா, அத்தை பாத்துட்டாங்க, இது புது முறையாம்" என்றாள். அப்புறம்தான் முழுப் புத்தகமும் அடித்தோம். தேர்வுத் தாளும் இதே மெஷினில் நாமே அடித்தோம். ராணி அவ்வளவு அழகாகக் குத்தினாள், நான் அவளுக்குத் திருஷ்டி கழிக்காத குறை.

தேர்வு முடிந்தது. புள்ளி படிக்கும் பிள்ளைகள் ஒருத்தர் பாக்கி இல்லாமல் தோற்றுவிட்டார்கள்.

ஏன் தெரியுமா? நம் புத்தகத்தில் பின்னமே இல்லை. முக்கால் என்றால் மூன்று, அதன் கீழே கோடு, கோட்டுக்குக் கீழே நான்கு. பிரெய்லில் அதற்குத் தனி அடையாளங்கள் உண்டு, நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நம் புத்தகத்தில் அது மூன்றும் நான்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்கிறது. தடவினால் முப்பத்துநான்கு. அரை என்பது பன்னிரண்டு. கால் என்பது பதினான்கு. நிஜமான முப்பத்துநான்கும் அதே புள்ளிகள்தான்.

உன் மருமகள் என்ன செய்தாள் என்பதையும் கேட்டுக்கொள். இது அத்தை கொண்டுவந்த புது முறை, மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், அப்படித்தான் படிக்க வேண்டும் என்று மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இவளே வகுப்பு எடுத்திருக்கிறாள். தேர்வில் "34 மீட்டர் நீளமுள்ள சுவர்" என்று வந்ததை எல்லாரும் முக்கால் மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். டீச்சர் தாளைத் திருத்தி முடித்துவிட்டு, "யாரு உங்களுக்கு இப்படிச் சொன்னது?" என்று கேட்டிருக்கிறார். இவள் எழுந்து நின்று, "புத்தகம் சரிதான் டீச்சர், எங்க அத்தை பாத்துட்டாங்க" என்றிருக்கிறாள். டீச்சர் புத்தகத்தில் முக்காலையும் முப்பத்துநான்கையும் அவள் விரலை வைத்தே தடவிக் காட்டினாராம்.

இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அவள் சொல்லவில்லை. டப்பாவைத் திறந்தாலே தெரிகிறது, அப்படியே திரும்பி வருகிறது.

கம்ப்யூட்டரிடம் கேட்டேன், எனக்கும் நான்கு கட்டளை தெரியும். கணக்கு நிரல் இருக்கிறதா? இருக்கிறது என்றது. எங்கே இருக்கிறது? அதற்குப் பதில் இல்லை. ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடச் சொன்னேன், ஒரு கோப்புகூட இல்லை. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று அது எப்படிச் சொல்கிறது வாலு? யார் சொல்லச் சொன்னது?

தேர்வைத் திரும்ப நடத்தப் பள்ளியில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏப்ரல் நடுவில். அதற்குள் சரியான புத்தகம் வேண்டும். மழுப்பாமல் பதில் எழுது.

அண்ணி


மார்ச் 24

அண்ணி,

சொல்கிறேன். மூல நிரலை வைத்து ஓடும் இந்த மாதிரி சிஸ்டத்தில் ஒரு வசதி உண்டு. ஒரு நிரலை நாமே கையால் போட்டிருந்தால், "இது ஏற்கெனவே இருக்கிறது, நீ தேடாதே" என்று ஒரு வரி எழுதிவைக்கலாம். சிஸ்டம் நம்பிவிடும், அப்புறம் கேள்வி கேட்காது. பழைய லைப்ரரியோடு கணக்கு நிரலையும் எடுத்துவிட்டு, அதற்கு அந்த வரியை எழுதினேன். புத்தகம் கட்டும் நிரல் அதை நம்பிக் கம்பைல் ஆகிவிட்டது. ஓடும்போது கணக்கு நிரலைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது, ஆள் இல்லை, சரி எண்களை அப்படியே வரிசையாக அடித்துவிடுவோம் என்று அடித்துவிட்டது. பிழை என்று கத்தியிருக்க வேண்டும், கத்தவில்லை. அது அந்த நிரலில் இருக்கும் குறை.

ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. அந்த வாரக் கடைசியில் கணக்கு நிரலைத் திருத்திக் கையால் போட்டுவிடலாம், போட்டுவிட்டால் அந்த வரியும் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். வாரக் கடைசியிலும் ஆபீஸ் கூப்பிட்டது. அப்புறம் இன்னொரு வாரம். அப்புறம் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, சரியாக ஓடுகிறது போல என்று விட்டுவிட்டேன்.

தப்புதான். ஆனால் முழுத் தப்பையும் என் தலையில் கட்டாதீர்கள். எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று அண்ணன் கேட்ட முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? "அப்ப மெஷினை யாரு பாப்பா?" வாழ்த்துகூட அதற்கப்புறம்தான் வந்தது. அந்த வீட்டில் நானும் அந்த வரி மாதிரித்தான் இருந்தேன், அண்ணி. வாலு இருக்கா, தேட வேண்டாம். நீங்கள் இதுவரை எனக்கு எழுதிய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றிலாவது "நீ எப்படி இருக்கே" என்று கேட்டிருக்கிறீர்களா? ஹீட்டர் ஓடுவதில்லை என்று எழுதினேன், கண்டுகொண்டீர்களா? இங்கே வந்த இத்தனை மாதத்தில் என்னை யாருமே எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை.

இன்னொன்று. பட்டாணி என்னிடம் எதையும் கேட்கவே இல்லை. பின்னத்தைப் பற்றியும் கேட்கவில்லை, புது முறை என்று நானும் சொல்லவில்லை. பிழை பார்க்கும்போது கவனிக்காமல் விட்டிருப்பாள், உங்களுக்குப் பயந்து என் பெயரைச் சொல்லியிருப்பாள். சின்னப் பெண்தானே, திட்டாதீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

நிரலைத் திருத்தித் தருகிறேன். கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

வாலு


மார்ச் 31

வாலு,

நான் பெற்ற பெண்ணைப் பொய் சொல்கிறாள் என்று எழுதிவிட்டாய். ஒரு நிமிஷம் நானும் அதை நம்பினேன் பார், அதற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். "நான் கேட்டேம்மா, அத்தை பதில் சொன்னாங்க" என்றாள். "அத்தை இல்லைங்கறா" என்றேன். அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

இங்கே தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். குழாய்க்காகத் தோண்டியவர்கள் இன்டர்நெட் வயரையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். இரண்டு நாளாக வீட்டில் இணைப்பு இல்லை. வயர் அறுந்த மறுநாள் காலையில் பழக்க தோஷத்தில் முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். "காலை வணக்கம் அண்ணி, காலை வணக்கம் பட்டாணி. பார்த்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு."

ஜன்னல் வழியாகப் பார்த்தால் அறுந்த வயர் பள்ளத்தில் தொங்குகிறது. உள்ளே நீ வணக்கம் சொல்கிறாய்.

ஐயோ வாலு! கடல் தாண்டி எங்கிருந்தோ வருகிறது என்று இத்தனை நாள் நாங்கள் நினைத்தது என் மேஜைக்கு அடியிலிருந்தே வந்திருக்கிறது. தேடினேன், கிடைத்தது. தினமும் காலை இந்த நேரத்துக்கு இந்த வரியை இந்த வீட்டாருக்குப் போடு என்று நீ விமானம் ஏறுவதற்கு முந்தின நாளே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு நாள்கூட நீ பார்த்துச் சொன்னதில்லை. கடிகாரம் சொல்லியிருக்கிறது.

பட்டாணி கேட்டது பொய்யா என்றும் பார்த்தேன். அவள் உன் வரிக்குத் தினமும் பதில் எழுதியிருக்கிறாள். வரி இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்ததால் பதிலும் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே, உன் பெயரில் நீ விட்டுப்போன மெயில் பெட்டிக்குள் போய் விழுந்திருக்கிறது. நீ போன நாளிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

அவள் அனுமதி கேட்டுக்கொண்டு சிலதை மட்டும் படித்தேன். "அத்தை, இன்னைக்கு மழை, என் செருப்பு ஒண்ணு மிதந்து போயிடுச்சு." "அத்தை, அம்மா உங்களைத் திட்டிக்கிட்டே உங்க அறையைப் பெருக்கினாங்க." "அத்தை, நீங்க எப்படி இருக்கீங்க? அங்க ரொம்பக் குளிரா?" இந்தக் கடைசிக் கேள்வி கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது. யாருமே கேட்கவில்லை என்று எழுதினாயே.

மாதிரிப் பக்கம் எடுத்த அன்று அவள் எழுதியது இது: "அத்தை, புத்தகத்துல முக்கால் முப்பத்திநாலுன்னு வருது. கோடே இல்ல. இது தப்பா, இல்ல புது மெஷின்ல இதுதான் முறையா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, நீங்க சரின்னு சொன்னாதான் அம்மாகிட்ட சொல்லுவேன்."

மறுநாள் காலை அவளுக்குப் பதில் வந்தது. பார்த்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு.

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் கழுத்தை அறுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் இது உலக வழக்கம்தானே என்று போயிருப்பேன். பிள்ளையை ஏன் நம்பவைத்தாய்?

நான் உன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். மெஷினைப் பற்றி மட்டும்தான் எழுதினேன். ஆனால் தினமும் காலையில் நீ எங்களோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று நினைத்தேனே. தினமும் பேசுகிறவளைப் பிடித்து நலமா என்று யார் கேட்பார்கள்?

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

அந்தக் காலை வரியை எழுதிவைத்தபோது, போய்ச் சேர்ந்து ஒரு வாரம் வரைக்கும் ஓடட்டும், அப்புறம் நானே எழுதுவேன் என்றுதான் நினைத்தேன். நான் போனதும் பட்டாணி தேடக்கூடாது என்பதற்காக வைத்தது. அப்புறம் நீங்கள் அதைப் புகழ்ந்து எழுதினீர்கள். அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது?

பிப்ரவரியில் உள்ளே வந்த அன்று, நுழைந்ததுமே "உனக்குக் கடிதங்கள் இருக்கின்றன" என்று திரையில் ஒரு வரி வந்தது. இந்த மாதிரி சிஸ்டம் தானாகவே தனக்குள் புலம்பிக் கடிதம் போட்டுக்கொள்ளும், அந்தக் குப்பைதான் என்று தாண்டிப் போய்விட்டேன். ஒரு விசையை அழுத்தியிருந்தால் போதும். ஒரே ஒரு விசை.

கணக்கு நிரலைத் திருத்த ஆரம்பித்திருக்கிறேன், சத்தியமாக. நேற்று கம்ப்யூட்டருக்குள் வரப் பார்த்தேன், என் நுழைவுச் சாவி வேலை செய்யவில்லை. வயர் இன்னும் சரியாகவில்லையா, இல்லை நீங்கள் எடுத்துவிட்டீர்களா?

அவள் எழுதியதையெல்லாம் எனக்கு அனுப்பிவைப்பீர்களா? எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன், ஒவ்வொன்றுக்கும்.

வாலு


ஏப்ரல் 19

வாலு,

வயர் சரியாகிவிட்டது. சாவியை எடுத்தது நான்தான்.

நிரலை இனி நீ திருத்த வேண்டாம். வேலை முடிந்துவிட்டது. நீ எழுதிவைத்த "இருக்கிறது, தேடாதே" வரியை முதலில் அழித்தேன். அழித்ததும் திரை முழுக்கச் சிவப்பு திரும்பி வந்தது. உன் அண்ணன் பதறிப்போனார். எனக்கு அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. சிவப்பு காட்டும் சிஸ்டம் நல்ல சிஸ்டம் என்று எழுதினாயே, நீ எழுதியதில் அது ஒன்றுதான் உண்மை.

இந்த சிஸ்டத்தை வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் ஒரு மன்றம் இன்டர்நெட்டில் இருக்கிறதாம், பட்டாணி தேடிப் பிடித்தாள். யாரோ முகம் தெரியாத ஆள், எங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். இரண்டு பதிப்பும் ஒரே அறையில் இருக்க முடியாவிட்டால் கம்ப்யூட்டருக்குள்ளேயே சுவர் வைத்து இன்னொரு அறை கட்டுங்கள், பழைய லைப்ரரியையும் கணக்கு நிரலையும் அந்த அறைக்குள் வையுங்கள், புத்தகத்தை அங்கே கட்டி, புள்ளியான பக்கங்களை மட்டும் இந்த அறைக்கு அனுப்பினால் புது மெஷின் குத்திவிடும் என்றார். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஒத்துவராத இரண்டு பேரைத் தனிக்குடித்தனம் வைப்பது நம் குடும்பத்துக்குத் தெரியாத வித்தையா?

உன் கணக்கு நிரலின் மூலம் நீ விட்டுப்போன பென்டிரைவில் இருந்தது. அவள் கட்டளையைச் சொல்ல, நான் அடித்தேன். நான் அடித்ததைக் கம்ப்யூட்டர் வாசிக்க, அவள் பிழை சொன்னாள். அந்த அறைக்கு அடித்தளத்திலிருந்து எல்லாவற்றையும் கம்பைல் பண்ண வேண்டியிருந்தது. மேஜைக்கு அடியில் கால் வைக்க முடியாத சூடு. இரண்டு இடத்தில் நின்றது, நின்றதை நின்றது என்று சொன்னது, சரி பண்ணினோம். முதல் பக்கம் வந்ததும் அவள் தடவினாள். மூன்று, கோடு, நான்கு. திரும்பத் திரும்ப அதே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தை அவளே பள்ளிக்குக் கொண்டுபோய் ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்து, "முன்னாடி நான் சொன்னது தப்பு" என்று சொல்லியிருக்கிறாள். தப்பு அவளுடையது இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "நம்பினது நான்தானே" என்றாள். மறுதேர்வு முடிந்தது. கணக்குப் பிரிவில் இடம் கிடைத்துவிட்டது. டப்பா பாதி காலியாகி வருகிறது, மீதியும் ஆகும்.

அவள் எழுதியதையெல்லாம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். அவை அவளுடையவை, அவளைத்தான் கேட்க முடியும். உன் கடிதத்தை முழுக்க அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு விசை என்று நீ எழுதிய இடத்தில் "திரும்ப வாசிம்மா" என்றாள். திரும்ப வாசித்தேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன் என்ற இடத்தில் எழுந்து முன்னறைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெட்டியை மொத்தமாக அழித்துவிட்டாள். காலை வரியையும் அழித்துவிடு என்று நான் சொன்னேன். அதை மட்டும் வேண்டாம் என்றாள். அதில் இரண்டே இரண்டு இடத்தைத்தான் மாற்றினாள். பெயர்களை எடுத்துவிட்டு அத்தை என்று போட்டாள், போய்ச் சேர வேண்டிய முகவரியில் உன் முகவரியைப் போட்டாள். "எதுக்குடி இது, பாவம்டி" என்றேன். "அத்தை தேடக்கூடாதுல்ல" என்றாள்.

நாளைக் காலையிலிருந்து தினமும் உனக்கு வரும். "காலை வணக்கம் அத்தை. பார்த்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு." பதில் போட்டுப் பார்க்காதே. அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

அண்ணி